உச்சா பழகிய குழந்தை பகலில் நனைத்தால்: கேள்வி பதில்

குழந்தைகள் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். ‘எல்லாம் பழகிவிட்டது என்று நினைத்தோம், திரும்ப ஆரம்பித்துவிட்டது’ என்று கலங்கி வந்த அம்மா அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விகளிலும் அதே கலக்கம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மகனுக்கு 4 வயது. டயப்பரை விட்டு ஒரு வருடம் ஆகிறது. இப்போது விளையாடும்போது தினமும் ஜட்டி நனைகிறது. ‘உச்சா வருதா?’ என்றால் ‘வரல’ என்கிறான், அடுத்த பத்தாவது நிமிடம் நனைத்துவிடுகிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

இல்லை. அந்த ‘வரல’ பொய்யும் இல்லை. விளையாட்டில் மூழ்கிய குழந்தைக்குச் சிறுநீர்ப்பை கொடுக்கும் முதல் அறிகுறி உறைப்பதே இல்லை. உறைக்கும்போது நேரம் கடந்திருக்கும். சிறுநீர்ப்பையும் சின்னதுதான். வயதோடு 2 கூட்டி 30ஆல் பெருக்கினால் எத்தனை மில்லி கொள்ளும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். உங்கள் மகனுக்கு 180 மில்லி.

‘வருதா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். கேள்வியாகக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். எழுந்ததும், சாப்பிடும் முன், வெளியே கிளம்பும் முன், விளையாட உட்காரும் முன் உச்சா போவது வழக்கம் என்று ஆக்கிவிடுங்கள். இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போனால் போதும். அரை மணிக்கொரு தடவை இழுத்துக்கொண்டு போனால் அவனுக்கு வெறுத்துவிடும். கட்டிக்கொண்டிருக்கும் கோபுரத்தை விட்டுவர மனமில்லை என்றால், ‘இதை யாரும் தொட மாட்டாங்க, நான் பார்த்துக்கறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி பார்த்தும் கொள்ளுங்கள்.

மகள் (5 வயது) திடீரென்று குத்தவைத்து, குதிகாலைத் தொடை நடுவில் அழுத்திக்கொண்டு உட்காருகிறாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடிவிடுகிறாள். என்ன பழக்கம் இது?

சிறுநீரை அடக்குகிறாள். காலைப் பின்னிக்கொண்டு நிற்பது, நெளிவது எல்லாம் இதே வகைதான். அந்த நேரத்தில் சத்தம் போடாமல் கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள். நாள்கணக்கில் இப்படி அடக்கினால் தொற்று வரவும் இடம் உண்டு. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

உச்சாவும் நனைகிறது, ஜட்டியில் மலக்கறையும் இருக்கிறது. தினமும் ஆய் போகிறானே, மலச்சிக்கல் எப்படி இருக்க முடியும்?

இருக்க முடியும். பகலில் நனைக்கும் குழந்தை வந்தால் நான் முதலில் கேட்பது ஆய் பற்றித்தான்.

மலக்குடலும் சிறுநீர்ப்பையும் அடுத்தடுத்து இருப்பவை. குடலில் மலம் தேங்கிப் பருத்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். பை நிறைய இடம் இருக்காது, சில நேரம் முழுசாகக் காலியாகவும் ஆகாது. அதனால்தான் திடீரென்று முட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே நனைகிறது. தினமும் கொஞ்சம் போகிறான் என்பதால் உள்ளே தேங்கவில்லை என்று ஆகாது. கெட்டியாக அடைத்திருக்கும் மலத்தின் ஓரமாகத் தண்ணீர்போன்ற மலம் கசியும், அது அவனுக்கே தெரியாது. அந்தக் கறையைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்துவிடாதீர்கள், அடைப்பு கூடிவிடும்.

ஆய் உருண்டை உருண்டையாக இருக்கிறதா, மிகவும் தடிமனா, முக்கும்போது வலிக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை வலித்தால் அடுத்த முறை அடக்குவான், அடக்கினால் இன்னும் கெட்டியாகும். தண்ணீர், பழம், காய் எல்லாம் உதவும். ஆனால் ஏற்கனவே தேங்கியிருப்பதற்கு அது மட்டும் போதாமல் போகலாம். மலத்தை இளக்கும் மருந்தை டாக்டர் கொடுத்தால் அவர் சொன்ன காலம் வரை கொடுங்கள். இரண்டு நாளில் சரியானதும் நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் அதே அவஸ்தையோடு வந்தவர்கள் பலர்.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசையும். அப்போது ஐந்து நிமிடம் டாய்லெட்டில் உட்காரவையுங்கள். கால் அந்தரத்தில் தொங்கக்கூடாது. கீழே ஒரு முக்காலி போட்டால் முக்குவது எளிது.

மகள் டாய்லெட் போய்விட்டுத்தான் வருகிறாள். ஐந்து நிமிடத்தில் ஜட்டி லேசாக ஈரமாகிறது.

தொடையை ஒட்டிவைத்து உட்காருகிறாளா என்று பாருங்கள். அப்படி உட்கார்ந்தால் கொஞ்சம் சிறுநீர் பிறப்புறுப்புக்குள் தேங்கி, எழுந்து நடக்கும்போது வடியும். ஜட்டியை முழுக்க இறக்கி, முழங்காலை நன்றாக அகட்டி, சற்று முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். முடிந்ததும் எழுந்து நின்று துடைக்கட்டும். பல குழந்தைகளுக்கு இதிலேயே சரியாகிவிடும்.

தண்ணீரைக் குறைத்துவிடலாமா?

வேண்டாம். சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடும், மலமும் கெட்டியாகும்.

தம்பி பிறந்ததிலிருந்து அக்கா (3½ வயது) நனைக்கிறாள். மறுபடி டயப்பர் போடலாமா?

போடாதீர்கள். தூரப் பயணம் என்றால் பரவாயில்லை. மடியில் இடம் போய்விட்டதோ என்ற பயம் அவளுக்கு. தினமும் கொஞ்ச நேரமாவது தம்பி இல்லாமல் அவளோடு மட்டும் இருங்கள். ‘நீ பெரிய பொண்ணு’ என்று சொல்வதையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள், அவளுக்கு இப்போது சின்னவளாக இருக்கத்தான் ஆசை. சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகும்.

பள்ளியில் போகவே மாட்டேன் என்கிறான். வீட்டு வாசலில் வந்து நனைத்துவிடுகிறான்.

என்ன பிடிக்கவில்லை என்று பொறுமையாகக் கேளுங்கள். நாற்றமா, இருட்டா, கதவு திறக்க வராதோ என்ற பயமா? ஒருநாள் நீங்களே கூட்டிப் போய்க் காட்டுங்கள். எல்லார் முன்னாலும் கையைத் தூக்கிக் கேட்க வேண்டாம், குறிப்பிட்ட நேரத்தில் அனுப்பிவிடுங்கள் என்று டீச்சரிடம் சொல்லுங்கள். சுலபமாக இறக்கக்கூடிய உடை போடுங்கள், மாற்றுடையும் பையில் இருக்கட்டும்.

நேற்று கோபத்தில் அடித்துவிட்டேன். மனசு தாங்கவில்லை.

‘அம்மா அடிச்சது தப்பு, உன்மேல கோபம் இல்லை’ என்று அவனிடமே சொல்லிவிடுங்கள். என் மூத்த மகளை நானும் ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் திட்டினேன். நனைப்பது நிற்கவில்லை. நனைந்த ஜட்டியைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்த நாளை இன்னும் மறக்க முடியவில்லை. ‘நனைஞ்சிடுச்சா, சரி, மாத்திக்கலாம்’ என்பதோடு பேச்சை முடியுங்கள். ஈரத் துணியை வாளியில் போட அவனும் உதவட்டும், தண்டனையாக இல்லாமல்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் அல்லது துர்நாற்றம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தாகம் அதிகமாகி, அடிக்கடி நிறையச் சிறுநீர் போய், எடையும் குறைந்தால் அன்றைக்கே போங்கள், சர்க்கரை நோயா என்று பார்க்க வேண்டும். எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருப்பது, முக்கித்தான் சிறுநீர் வருவது, கால் பலவீனம், நடையில் மாற்றம் இவையும் உடனே காட்ட வேண்டியவை. 6 மாதத்துக்குமேல் நனைக்காமல் இருந்த குழந்தை மறுபடி ஆரம்பித்து நிற்கவில்லை என்றாலும், 5 வயது தாண்டியும் பகலில் நனைந்தாலும் காட்டுங்கள்.

போகும் முன் மூன்று நாள் எழுதிவையுங்கள்: எப்போது உச்சா, எப்போது நனைந்தது, ஆய் எப்படி இருந்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தான். அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டிவிட்டால், குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புகார்போல வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்காது.