பரோட்டாக் கல்லின் முன்னே நிற்பவர்

கேள்வி: மேலூர் சாலையையொட்டிச் சிறிய இரவு உணவகம் நடத்துகிறேன். பரோட்டா மாஸ்டருக்கு உதவியாகப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், மூன்றாம் நாள் இரவே கல்லின் முன் மயங்கி விழுந்துவிட்டார். ‘நின்று பழகினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார் மாஸ்டர். பெரிய மின்விசிறி வாங்கி வைத்தேன். தீ அலைகிறது என்று அதையும் அணைத்துவிடுகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
— உணவக உரிமையாளர், மதுரை

பதில்: மாஸ்டர் சொல்வது பாதி உண்மை. ஒன்றிரண்டு வாரங்களில் உடல் வெக்கைக்குப் பழகும்; வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அதனுடன் வெளியேறும் உப்பு குறையும். ஆனால் அந்தப் பழக்கம் வருவதற்கு முந்தைய சில நாள்களில்தான் உயிருக்கே ஆபத்து நேர்கிறது. ஆகவே புதியவரை முதல் நாள் முழு வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கல்லருகே நிற்க வைத்து, நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டுங்கள். மீதி நேரத்தில் அவர் வெளியே அமர்ந்து வெங்காயம் உரிக்கலாம், மாவு உருட்டலாம். காய்ச்சலிலோ நீண்ட விடுப்பிலோ இருந்து திரும்பும் பழைய மாஸ்டருக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்பதால், அவரையும் படிப்படியாகவே முழு வேலைக்குக் கொண்டுவர வேண்டும்.

எனக்குப் பெருங்கவலை தருவது சித்திரைத் திருவிழாக் காலம். அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களில் நகரமே விடிய விடிய விழித்திருக்க, உணவகங்கள் கூடுதல் ஆட்களை அவசரமாகச் சேர்க்கின்றன. ஆண்டின் கொடிய வெயில் காலத்தில், அதிகக் கூட்டம் வரும் இரவில், வெக்கைக்குச் சற்றும் பழகாத ஒருவர் கல்லின் முன் நிறுத்தப்படுகிறார். அவர்களை இரண்டு வாரம் முன்னதாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூலி வீண் செலவு ஆகாது.

இனி மின்விசிறி. கல்லிலிருந்தும் பர்னரிலிருந்தும் வெயில்போல நேராக வந்து உடலில் அடிக்கும் சூட்டை எந்தக் காற்றும் தடுக்காது. இடையில் ஒரு தகடுதான் தடுக்கும். கல்லுக்குக் கீழே தீ வெளியே தெரியும் பக்கங்களை, எரிவதற்குத் தேவையான காற்று போக வழிவிட்டு, எவர்சில்வர் தகட்டால் மறைத்தாலே மாஸ்டரின் வயிறும் தொடையும் வேகாமல் தப்பும். அடுத்தது, சூடான காற்றை வெளியேற்றுவது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் பயன் தெரியவில்லை என்றால், உள்ளே புதுக்காற்று வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்படி வாசலில் ஓர் ஊதுவத்தியைப் பிடித்தால், புகை உள்நோக்கி இழுபட வேண்டும். இட்லிக் கொப்பரையையும் சாம்பார் அண்டாவையும் மூடி போட்டு எக்ஸாஸ்ட் அருகே நகர்த்துங்கள். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஆவி நிறைந்த அறையில் அது சொட்டி வீணாகிறது. விசிறியைத் தீயின் மேல் படாதபடி, மாஸ்டரின் முதுகுப் பக்கமாகச் சாய்த்து வைக்கலாம். ஆனால் அடுப்படிக் காற்றே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறியை நம்ப வேண்டாம்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர், இடையிடையே உப்பிட்ட நீர்மோர் என்று கொடுங்கள். கழிவறைக்குப் போக நேரமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நிற்பவர்கள் உண்டு. ஆகவே கல்லைப் பார்த்துக்கொள்ள மாற்றாள் ஒருவர் இல்லாமல், தண்ணீர்க் குடத்தை மட்டும் வைப்பதில் பொருளில்லை.

ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது, உடல் சூடு கட்டுமீறி உயிருக்கே ஆபத்தாகும் வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். வியர்க்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். வேலை செய்யும்போது தாக்கும் வெப்பவாதத்தில் வியர்வை வழிந்துகொண்டேயிருக்கலாம். உடனே வெளியே கொண்டுவந்து, 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: என் மகன் மதுரையில் ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறான். அடுப்படிச் சூட்டில் அடிக்கடி உடல்நலம் கெடுகிறது. மருத்துவச் செலவுக்கு ஏதேனும் வழி உண்டா?
— ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் உணவகமாக இருந்து, மகனின் மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டாமல் இருந்தால், அவரை இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்வது உரிமையாளரின் கடமை. ஊதியத்தில் 0.75 விழுக்காடு மகனிடம் பிடிக்கப்படும், 3.25 விழுக்காட்டை உரிமையாளர் செலுத்த வேண்டும். மருத்துவ வசதி வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. சம்பளத்தில் பிடித்தம் இருந்தால், காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுப்படியில் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லி, சிறுநீரகப் பரிசோதனையும் செய்யக் கேளுங்கள். நீர் வற்றிய உடலோடு மாதக்கணக்கில் உழைத்தால் முதலில் அடிபடும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று.