பி0299 வந்தா டர்போவையே மாத்தணுமா? வண்டி மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது

ஸ்கேனர்ல பி0299ங்கற ஃபால்ட் கோடு வருது, ஹோஸ் எல்லாம் செக் பண்ணியாச்சு, ஏர் ஃபில்டர் புதுசு, ஆனாலும் இழுவை இல்ல, மெக்கானிக் டர்போ போச்சுங்கறார்னு எழுதியிருக்கீங்க. இப்போதைக்கு மாத்தாதீங்க. போன வருஷம் இதே கதை எனக்கும் நடந்துச்சு, அதனால சொல்றேன்.

பி0299ங்கறது டர்போ செத்துப்போச்சுன்னு சொல்ற கோடு இல்லைங்க. வண்டி கம்ப்யூட்டர் கேட்ட அளவுக்கு பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள்ள அமுக்கித் தர்ற காத்தோட பிரஷர்) வரலன்னு மட்டும்தான் அது சொல்லுது, ஏன் வரலங்கறத நாமதான் தேடணும்.

நான் சேலம். வண்டி பத்து வருஷம் தாண்டுன சின்ன டீசல், சாதா டர்போ, அதாவது உள்ள இறக்கை திரும்புற விஜிடி டைப் இல்ல, வேஸ்ட்கேட் டைப், அதாவது பூஸ்ட் அதிகமானா புகைய வேற வழியா விடற ஒரு கதவு இருக்கறது. பிளாட் ரோட்ல பெருசா தெரியல, ஏற்காடு மலை ஏறும்போதுதான் மானம் போச்சு. 20 ஹேர்பின்ல பாதிக்கு மேல ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டி ஏத்துனேன், பின்னாடி வந்த பஸ்காரர் ஹாரன் அடிச்சே கொன்னுட்டார். கீழ வந்து ஒரு வொர்க்‌ஷாப்ல விட்டேன். அவங்க இன்டேக் பைப்ப கழட்டி, டர்போ வீல விரலால பிடிச்சு ஆட்டி, "பாருங்க சார் ஆடுது, பேரிங் போச்சு"ன்னு முப்பதாயிரத்துக்கு மேல எஸ்டிமேட் போட்டுக் குடுத்தாங்க. நானும் கண்ணால பாத்தேன், ஆடுச்சுதான்.

ஆனா அது ஆடத்தான் செய்யும். இந்த மாதிரி டர்போல ஷாஃப்ட் ஆயில் மேல மிதந்துதான் சுத்தும், இன்ஜின் ஆஃப்ல ஆயில் பிரஷர் இல்லாதப்ப பக்கவாட்டுல கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பயப்பட வேண்டியது ரெண்டுக்குத்தான்: முன்னும் பின்னும் இழுத்தா கைக்குத் தெரியுற அளவு ஆடுறது, இல்ல வீல் பக்கத்து சுவர்ல உரசுன தடம் இருக்கறது. என்னுதுல ரெண்டும் இல்ல.

அப்புறம் ஒரு ப்ளூடூத் ஓபிடி (வண்டி கம்ப்யூட்டர் ரீடிங்க ஃபோன்ல காட்டுற சின்ன கருவி) வாங்கி நானே பாத்தேன். முதல்ல இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணி மேப் சென்சார் (இன்ஜினுக்குப் போற காத்தோட பிரஷர அளக்கறது) என்ன காட்டுதுன்னு பாருங்க, அது வெளிக்காத்தோட பிரஷரத்தான் காட்டணும், சேலத்துல எனக்கு 98 கிலோபாஸ்கல், ஏற்காட்டுல 84 (ஊர் உசரத்துக்கு ஏத்த மாதிரி மாறும், இத கழிச்சாதான் நிஜ பூஸ்ட், இது தெரியாம மேல ஒரு நாள் கீழ ஒரு நாள் ரீடிங் எடுத்துட்டு குழம்பிக்கிட்டு இருக்கறவங்க நெறைய). இது சரியா இருந்தா சென்சார் ஓரளவு நம்பலாம். அடுத்து காலி ரோட்ல தேர்டு கியர்ல ஃபுல் ஆக்சிலேட்டர் குடுத்து லாக் (ரீடிங் பதிவு) எடுத்தேன். ஆரம்பத்துல கம்ப்யூட்டர் கேட்ட பிரஷரும் நிஜமா வந்த பிரஷரும் ஒண்ணாவே ஏறுச்சு, 2000 ஆர்பிஎம் பக்கம் வந்ததும் 155ல போய் உக்காந்துக்கிச்சு, கம்ப்யூட்டர் 205 கேட்டுக்கிட்டே இருக்கு. விசில் மாதிரியோ புஸ்ஸுன்னோ எந்த சத்தமும் இல்ல, இன்டர்கூலர் (டர்போ காத்த குளிர வைக்கறது) ஜாயின்ட்ல ஆயில் கசிவும் இல்ல. காத்து வெளிய லீக் ஆகல, அப்ப எக்சாஸ்ட் பக்கம் எதோ சீக்கிரமா திறந்துக்குதுன்னு அங்கதான் சந்தேகம் வந்துச்சு.

வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர்ங்கறது டர்போ மேல ஒட்டியிருக்கற ஒரு டப்பா. உள்ள ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங், வெளிய ஒரு ராடு. ராடு எக்சாஸ்ட் பக்கம் இருக்கற ஃபிளாப்ப, அதாவது வேஸ்ட்கேட் கதவ அசைக்கும், ஸ்பிரிங் அத மூடியே வெச்சிருக்கும், பூஸ்ட் ஏறி ஸ்பிரிங்க ஜெயிச்சா ராடு நகர்ந்து ஃபிளாப் திறந்து புகை டர்பைன சுத்தாம பைபாஸ்ல போயிடும். வருஷக்கணக்கா சூட்டுல வெந்து அந்த ஸ்பிரிங் தளர்ந்துட்டா பாதி பூஸ்ட்லயே கதவு திறந்துக்கும். டர்போ மேல எந்தத் தப்பும் இல்ல.

இத வீட்டுல செக் பண்ண என்கிட்ட கேஜ் பம்ப் இல்ல. அம்மாவோட பிபி மிஷின் இருந்துச்சு, மீட்டரும் அமுக்குற பல்பும் ஒண்ணா இருக்கற டைப். பட்டைய கழட்டிட்டு அந்த ட்யூப டப்பாவுல மாட்டி அமுக்குனேன். அந்த மீட்டர் 300 வரைக்கும்தான், அது சுமார் 0.4 பார் பிரஷர். என் டப்பாவுக்கு 0.9 பக்கம் வந்தாதான் ராடு அசையணும், அப்ப பிபி மிஷினுக்கு அது அசையவே கூடாது. 280லயே நகர ஆரம்பிச்சிடுச்சு! (அம்மா அதுக்கப்புறம் அந்த மிஷின கையில தொடல, புதுசு வாங்கிக் குடுத்தேன்.) ஆனா சில சின்ன பெட்ரோல் டர்போல ஸ்பிரிங்கே லைட்டாதான் இருக்கும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

உறுதி பண்ணிக்க சங்ககிரில லாரி டர்போ பாக்கற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன். டப்பாவ கழட்டுனதும் அவர் மொதல்ல ஃபிளாப் லீவர கையால அசைச்சுப் பாத்தார், கார்பன் பிடிச்சு பாதியில சிக்கிக்கிட்டு இருந்தா புது டப்பா போட்டும் பிரயோஜனம் இல்லையாம். அது லூசா நல்லா போய் வந்துச்சு. அப்புறம் ரெகுலேட்டர் வெச்சு கொஞ்சம் கொஞ்சமா காத்து குடுத்தார். கம்ப்ரசர் காத்த நேரா அடிச்சிடாதீங்க, டயாஃப்ரம் கிழிஞ்சிடும். "தம்பி, டர்போ நல்லா இருக்குது, டப்பாதான் போயிருச்சு"ன்னார். புது டப்பா 3,500 ரூபாய், அதுல 0.9 வரைக்கும் ராடு அசையல. மாட்டுனதும் லாக்ல 205 வந்துச்சு, கோடு திரும்ப வரல.

சிலர் ராடு நட்ட டைட் பண்ணிட்டா போதும்பாங்க. கொஞ்ச நாளைக்கு ஓடும்தான், ஆனா செத்த ஸ்பிரிங் செத்ததுதான், ரொம்ப டைட் பண்ணுனா பூஸ்ட் தேவைக்கு மேல ஏறி வண்டி லிம்ப் மோடுக்கு (இன்ஜின காப்பாத்த கம்ப்யூட்டரே பவர குறைச்சிடறது) போயிடும். அதே மாதிரி ஹோஸ கழட்டி விட்டுட்டு ஓட்டிப் பாருங்கன்னு வீடியோல சொல்றத செய்யாதீங்க, ஸ்பிரிங் நல்லா இருக்கற வண்டியா இருந்தா பூஸ்டுக்கு கட்டுப்பாடே இருக்காது.

இன்னொண்ணு, டயாஃப்ரம் கிழிஞ்சா என்ன ஆகும்னு நெறைய பேர் தலைகீழா சொல்றாங்க. என்னுது மாதிரி பிரஷர் டைப்ல கிழிஞ்சா ஃபிளாப் திறக்காது, பூஸ்ட் ஓவரா போகும். குறையாது. வேக்குவம் டைப்ல கிழிஞ்சாதான் ஃபிளாப் மூடாம பூஸ்டே வராம போகும். அதனால முதல்ல உங்க டப்பாவோட ஹோஸ் எங்க போகுதுன்னு பாருங்க. டர்போவோட கம்ப்ரசர் பக்கம் போனா மேல சொன்னது பொருந்தும். சோலனாய்டு (கரண்ட்ல திறந்து மூடற வால்வு) வழியா வேக்குவம் பம்ப்புக்குப் போனா காத்து அடிச்சு டெஸ்ட் பண்ணக்கூடாது, கையால உறிஞ்சுற வேக்குவம் பம்ப் வேணும், ராடு உள்ள போய் ஒரு நிமிஷமாவது அப்படியே நிக்குதான்னு பாக்கணும், அதுக்கு முன்னாடி அந்த சின்ன வேக்குவம் ட்யூப்ல வெடிப்பு இருக்கான்னு தடவிப் பாத்துடுங்க.