கேள்வி பதில்: மூன்று கொடிகளுக்காக ஆடிய ஒக்சானா சுசோவிட்டினா

நாடு மாறி ஆடும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒக்சானா சுசோவிட்டினாவைச் சுற்றியே இருந்தன. எனக்கும் இந்த விளையாட்டில் அவரைவிடப் பிடித்தவர் யாரும் இல்லை. அதனால் அவரை வைத்தே தொடங்குகிறேன்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): அக்கா, அவர் உஸ்பெகிஸ்தான்காரர்தானே? ஜெர்மனிக்குப் போனது பணத்துக்காகவா?

பதில்: பிள்ளையின் உயிருக்காகப் போனார். பணம் தேவைப்பட்டதும் அதற்குத்தான்.

1975-இல் புகாராவில் பிறந்தவர். 1991-இல் இண்டியானாபோலிஸில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் அணியோடு தங்கம், தனியாக ஃப்ளோர் பயிற்சியிலும் (தரை விரிப்பில் ஆடும் பிரிவு) தங்கம். அப்போது வயது 16. அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே கலைந்துவிட்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டு அணியில் ஆடித் தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகு உஸ்பெகிஸ்தான். கணவர் பகோதிர் குர்பானோவ் மல்யுத்த வீரர். மகன் அலிஷேர் 1999 நவம்பரில் பிறந்தான்.

2002-இல் அந்தக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்று வயதுகூட நிறையவில்லை. அந்த நேரத்தில் கொலோன் நகரத்து டொயோட்டா கிளப்பின் பயிற்சியாளர்களான ஷன்னா, பீட்டர் புரூகெமன் தம்பதி, இங்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார்கள். குடும்பத்தோடு போனார். கொலோன் பல்கலைக்கழக மருத்துவமனையில் மகனுக்குச் சிகிச்சை நடந்தது. போட்டிகளில் கிடைத்த பரிசுப் பணம் சிகிச்சைக்குப் போனது. அது போதாதபோது பல நாடுகளிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். ஒருவரை ஒருவர் தோற்கடிக்க வேண்டியவர்கள்தான் அத்தனை பேரும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நெகிழும்.

கேள்வி (சேலம் வாசகர்): அப்படியானால் 2002-லிருந்தே ஜெர்மனிக்காக ஆடினாரா?

பதில்: இல்லை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. குடியுரிமை உடனே கிடைத்துவிடாது. எனவே 2006 வரை கொலோனில் குடியிருந்து, ஜெர்மன் அணியோடு பயிற்சி செய்து, சர்வதேசப் போட்டிகளில் உஸ்பெகிஸ்தானுக்காகவே ஆடினார். உஸ்பெக் சம்மேளனம் அதற்கு அனுமதி கொடுத்திருந்தது.

2003 ஆகஸ்டில் அமெரிக்காவின் அனஹைமில் உலகப் போட்டி. மகன் சிகிச்சையில் இருக்கிறான். இவருக்கு வயது 28. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் அந்த வயதில் பலர் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளர் ஆகியிருப்பார்கள். இவர் வால்ட்டில் (ஓடி வந்து கருவியில் கை ஊன்றிப் பாயும் பிரிவு) தங்கம் வாங்கினார். வீடு ஜெர்மனியில், ஏறிய கொடி உஸ்பெகிஸ்தானுடையது. 2006-இல் ஜெர்மன் குடியுரிமை கிடைத்ததும் அதே ஆண்டு ஆர்ஹுஸ் உலகப் போட்டியில் ஜெர்மனிக்காக இறங்கி வால்ட்டில் வெண்கலம் வாங்கினார்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): என்ன காரணம் சொன்னாலும், தன் நாட்டை விட்டுவிட்டு இன்னொரு நாட்டுக்காக ஆடுவது துரோகம் இல்லையா?

பதில்: இல்லை என்பது என் உறுதியான கருத்து. பிறந்த நாட்டிடம் அனுமதி வாங்கினார். நாடு மாறும் வரை அந்த நாட்டுக்குப் பதக்கமும் வாங்கிக் கொடுத்தார். மருத்துவம் பார்த்த நாட்டுக்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கித் தந்தார். 15.575 புள்ளி. தங்கம் வாங்கிய வட கொரியாவின் ஹோங் உன் ஜோங்குக்கு 15.650. மகன் நோயிலிருந்து மீண்டுவிட்டான் என்ற செய்தி வந்ததும் அதே 2008-இல்தான். அதற்கு அப்புறம் ஓய்வெடுத்திருக்கலாம். 2012 லண்டன் வரை ஜெர்மனிக்காக ஆடினார், அடுத்த ஆண்டு உஸ்பெகிஸ்தானுக்கே திரும்பினார். யாருக்குத் துரோகம் செய்தார், சொல்லுங்கள்?

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): யார் வேண்டுமானாலும் இப்படி மாறிவிட முடியுமா? விதி என்ன சொல்கிறது?

பதில்: ஒலிம்பிக் சாசனத்தின் 41-ஆவது விதி இதைப் பற்றியது. முதலில் அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும். ஏற்கெனவே ஒரு நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியிருந்தால், கடைசியாக ஆடியதிலிருந்து மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும். சம்பந்தப்பட்ட இரண்டு நாடுகளின் ஒலிம்பிக் சங்கங்களும் சர்வதேச சம்மேளனமும் சம்மதித்தால் அந்த இடைவெளியைக் குறைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

பிரச்சினை அந்தச் சம்மதத்தில்தான் இருக்கிறது. கைலியா நெமூரின் கதையைப் பாருங்கள். பிரான்சில் பிறந்து வளர்ந்த பெண், அப்பா வழியில் அல்ஜீரியக் குடியுரிமை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பயிற்சி விஷயத்தில் பிரெஞ்சு சம்மேளனத்தோடு தகராறு. அல்ஜீரியாவுக்கு ஆடுகிறேன் என்றார், சம்மேளனம் லேசில் விடவில்லை. 2023-இல்தான் வழி பிறந்தது. அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், பிரெஞ்சு மண்ணிலேயே, அன்ஈவன் பார்ஸில் (உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகளில் ஆடும் பிரிவு) 15.700 எடுத்து அல்ஜீரியாவுக்குத் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆப்பிரிக்காவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. சம்மேளனங்கள் பிள்ளைகளைச் சொத்துப்போல இறுக்கிப் பிடிப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். அவர்களுடைய ஆட்டக் காலமே சில ஆண்டுகள்தான். அதில் மூன்றைப் பறித்தால் மிஞ்சுவது என்ன?

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): வேறு உதாரணம் உண்டா அக்கா?

பதில்: அன்னியா ஹாட்ச். கியூபாவின் குவாண்டனாமோவில் பிறந்தவர். 1996 உலகப் போட்டியில் கியூபாவுக்கு வால்ட் வெண்கலம், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு வால்ட் வெள்ளி, அணியோடு இன்னொரு வெள்ளி.

கேள்வி (சென்னை, ஒரு பி.டி. ஆசிரியர்): சுசோவிட்டினா 46 வயதில் ஒலிம்பிக்கில் ஆடினார் என்பது நிஜமா? உடம்பு எப்படித் தாங்குகிறது?

பதில்: நிஜம்தான் சார். 1992-லிருந்து டோக்கியோ வரை ஒன்றுகூட விடாமல் எட்டு ஒலிம்பிக். வேறு எந்த ஜிம்னாஸ்டும் அத்தனை ஒலிம்பிக் ஆடியதில்லை.

உடம்பு தாங்கியதற்கு ஒரு காரணம், பிற்காலத்தில் அவர் வால்ட்டையே பிரதானமாக வைத்துக்கொண்டது. ஃப்ளோரும், ஒடுக்கமான கட்டைமேல் ஆடும் பீமும் 90 நொடி வரை போகும். வால்ட்டில் அதிகபட்சம் 25 மீட்டர் ஓட்டம், ஸ்ப்ரிங்போர்டில் இரண்டு காலும் பட வேண்டும், மேசையில் கை ஊன்றித் தள்ள வேண்டும், காற்றில் சுற்றி இறங்க வேண்டும். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். மூச்சுத் தாங்கும் சக்தியைவிட வெடிப்புச் சக்தியும் பழக்கமும்தான் இங்கே பேசும். இளம் வீராங்கனைகள் வேகத்தில் அவரை முந்தலாம். ஆனால் போர்டில் கால் படும் இடம், கை மேசையைத் தொடும் நேரம் இரண்டும் துல்லியமாக அமைந்தால் குறைந்த வேகத்திலும் உயரம் கிடைக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு அவருடைய ஓட்டத்தின் கடைசி மூன்று நான்கு அடிகளை மட்டும் வீடியோவில் மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். அடியின் நீளத்தைப் போர்டுக்கு ஏற்ப அவர் சரிசெய்வது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஆட வந்தபோது வால்ட் என்றால் பழைய 'குதிரை'. 2001-இல்தான் இப்போதைய அகலமான மேசை வந்தது. அதிகபட்சம் 10 புள்ளி என்ற முறை போய் 2006-இல் புது மதிப்பெண் முறை வந்தது. இரண்டு கருவியிலும் இரண்டு முறையிலும் பதக்கம் வாங்கியவர் அவர்.

டோக்கியோவில் 14.166 எடுத்தார், இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. கொரோனாவால் அரங்கில் பார்வையாளர்கள் கிடையாது. இருந்த வீராங்கனைகளும் பயிற்சியாளர்களும் தன்னார்வலர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவர் அழுதார். ஓய்வு என்று அறிவித்தவர், சில மாதங்களில் மனம் மாறித் திரும்பவும் பயிற்சிக்கு வந்துவிட்டார். 2024-இல் காயத்தால் பாரிஸ் வாய்ப்பு போனது.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): நம்ம தீபா கர்மாகரும் இவரும் மோதியிருக்கிறார்களா?

பதில்: 2016 ரியோவின் வால்ட் இறுதிச் சுற்று! இருவருமே புரொதுனோவா செய்தார்கள். முன்பக்கமாகக் கை ஊன்றிப் பாய்ந்து, காற்றில் இரண்டு முன் குட்டிக்கரணம் போட்டு இறங்குவது. இறங்கும் தரை கண்ணுக்குத் தெரிவதற்குள் கால் பட்டுவிடும். கொஞ்சம் தவறினாலும் கழுத்துக்கு ஆபத்து. சுசோவிட்டினா 41 வயதில் அதைச் செய்தார். இறங்கிய வேகத்தில் முன்னால் உருண்டுவிட்டார், 14.833 எடுத்து ஏழாவது. தீபா மிகத் தாழ்ந்து குந்தி இறங்கினாலும் சமாளித்து எழுந்தார், 15.066 எடுத்து நான்காவது. வெண்கலத்துக்கும் தீபாவுக்கும் இடைவெளி 0.150.

கேள்வி (சென்னையில் ஒரு அம்மா): மேடம், என் மகளுக்கு ஒன்பது வயது. மாவட்டப் போட்டிகளில் ஆடுகிறாள். அவள் அப்பாவுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது. பின்னாளில் அவள் எந்த நாட்டுக்கு ஆடுவது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. மாவட்ட, மாநிலப் போட்டிகள் அவளைக் கட்டுப்படுத்தாது. ஒரு நாட்டின் சார்பில் சர்வதேசப் போட்டியில் இறங்கும்போதுதான் மேலே சொன்ன விதி வருகிறது. ஆனால் ஒன்றை ஞாபகம் வையுங்கள்: இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. கனடியக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓ.சி.ஐ. அட்டையை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்துக்கொண்டு இந்திய அணியில் ஆட முடியாது, இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். அதனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நேரம் வரும்போது அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். இப்போதைக்கு, போகிற ஊரில் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல கிளப் இருக்கிறதா, அங்கே விழுந்தால் அடிபடாத நுரைக் குழியும் ஒழுங்கான மெத்தையும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வீடு மாறும் சந்தடியில் சில மாதம் பயிற்சி விட்டுப்போனால், புதுப் பயிற்சியாளரிடம் அதைச் சொல்லிவிட்டு அடிப்படையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பழைய வால்ட்டை முதல் நாளே செய்ய விடாதீர்கள்.