ஐசிங்கில் ஐஸ் இல்லை: சொல் கேள்வி-பதில்

ஐசிங்கில் ஐஸ் எங்கே இருக்கிறது? (நாசரேத் வாசகி)

எங்கும் இல்லை. முட்டை வெள்ளையையும் சீனியையும் அடித்துக் கேக் மேல் பூசினால், காய்ந்ததும் ஐஸ் போல மினுங்கும். அந்தத் தோற்றத்துக்கு வந்த பெயர். 1769இல் இங்கிலாந்தில் எலிசபெத் ராஃபால்ட் எழுதிய சமையல் புத்தகத்திலேயே கல்யாணக் கேக்குக்கு ‘சீனி ஐசிங்’ உண்டு. அப்போதெல்லாம் அதை அடுப்புச் சூட்டில்தான் உலர்த்தினார்கள்!

கேக் மேல் பளபளப்பாகப் பூசுவதைக் கிளேஸ் என்கிறார்கள், கிளாஸே என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? (தென்காசி)

இல்லை. கிளேஸ், கண்ணாடியைக் குறிக்கும் கிளாஸிலிருந்து வந்த ஆங்கிலச் சொல். கிளாஸே பிரெஞ்சு, ஐஸைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. எப்போதும் சொல்வதுதான்: ஓசையை நம்பி உறவு கொண்டாடாதீர்கள்.

கேக் மேல் வெள்ளையாக இருக்கிறதே, அதற்கு என்ன பெயர்? (ஊர் எழுதவில்லை)

எந்த வெள்ளை? வெண்ணெய் போட்டதா, முட்டை வெள்ளை போட்டதா, சப்பாத்தி மாதிரி விரித்துப் போர்த்தியதா? தின்று பார்த்துவிட்டு எழுதுங்கள். போர்த்தியது என்றால் ஃபாண்டன்ட். பிரெஞ்சில் ‘உருகுவது’ என்று பொருள்.

ஐசிங்குக்குப் ‘பனிப்பூச்சு’ என்று எழுதலாமா? (பாளையங்கோட்டை ஆசிரியர்)

எழுதாதீர்கள். இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். பெயரை அப்படியே பெயர்க்கக் கூடாது, பொருளைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்காரன் குளம் உறைவதைப் பார்த்தவன், ஐஸ் என்றான். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் ஈரம். பனிப்பூச்சு என்றால் திண்ணையில் இரவெல்லாம் கிடந்து நமத்துப்போன கேக்தான் நினைவுக்கு வருகிறது.

நம் பக்கத்து மிட்டாய்க் கடையில் சீனிச் சேவு போடும்போது போய் நில்லுங்கள். கம்பிப் பதம் தாண்டிய பாகில் சேவைக் கொட்டிப் புரட்டிக்கொண்டே இருப்பார். முதலில் ஈரமாக, கண்ணாடி போல ஒட்டும். புரட்டப் புரட்ட மங்கும். அப்புறம் சட்டென்று எல்லாம் வெளுத்து, சட்டியில் சரசரவென்று சத்தம் கேட்கும். “பூத்துட்டு” என்பார். அதே ஆள் ஜாங்கிரி பூத்தால் திட்டுவார். அந்தப் பாகில் எலுமிச்சை பிழிவதே பூக்காமல் இருக்கத்தான். இப்படி ஒரு வினைச்சொல் கையில் இருக்கும்போது பனியை எதற்குக் கூப்பிட வேண்டும்? ‘சீனிப்பூச்சு’ போதும். ஐசிங் என்றே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை.

தூத்துக்குடி மக்ரூனுக்கும் ஐசிங்குக்கும் சொந்தம் உண்டா?

சரக்கில் உண்டு: இரண்டிலும் முட்டை வெள்ளை, சீனி. மக்ரூனில் முந்திரி கூடுதல். பெயரில் இல்லை. மக்ரூன் இத்தாலியிலிருந்து கிளம்பிய சொல். மக்ரோனியும் அதே சொல்தான். சரி, இந்த ஓரிடத்தில் ஓசையை நம்பலாம்.

சென்னையில் சீனியைச் சர்க்கரை என்கிறார்கள். யார் சொல்வது தப்பு? (அம்பாசமுத்திரம்)

யாரும் இல்லை. சீனி, சீன நாட்டின் பெயரால் வந்தது. சர்க்கரை வடமொழிச் ‘சர்க்கரா’; முதற்பொருள் பொடிக்கல். ஆங்கில ஷுகரும் அதன் வழிதான், பாரசீகம், அரபு என்று சுற்றிப் போனது. கடையில் வெள்ளையா, பழுப்பா என்று சேர்த்துக் கேளுங்கள்.