15-ஆம் லெவல் கதாபாத்திரத்தை உருவாக்க உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

"எங்கள் குழு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நேராக 15-ஆம் லெவலில் தொடங்க விரும்புகிறது, சனிக்கிழமை மதியம் கூடி, பாத்திரங்களை உருவாக்கி முடித்து, அன்று மாலையே ஆடத் தொடங்கிவிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இது மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்; லெவல் என்பது அந்தப் பாத்திரத்தின் தேர்ச்சிப் படி. பதில், நீங்கள் எந்தப் பதிப்பை ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. என் அனுபவத்தில், 2003-இல் வந்த 3.5 பதிப்பில் மந்திரம் பயன்படுத்தும் பாத்திரம் ஒன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பில் அதே பாத்திரம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் உங்கள் சனிக்கிழமையைத் திட்டமிடுவது எளிது.

1974-இல் வந்த முதல் பதிப்பில் வலிமை, அறிவு போன்ற ஆறு பண்புகளின் மதிப்புக்காக மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டி, போர்வீரன், மந்திரவாதி போன்ற ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்து, கையிலிருக்கும் காசுக்கு ஆயுதம் வாங்கினால் பாத்திரம் பெரும்பாலும் தயார். அங்கே பகடை முடிவு செய்தவற்றைப் பிற்காலப் பதிப்புகள் ஆட்டக்காரரின் தேர்வுக்கு விட்டன. அது நல்ல மாற்றம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஒவ்வொரு லெவலிலும் ஒரு தேர்வு என்று வைத்தால், முதல் லெவலிலிருந்து ஆடி வருபவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒவ்வொன்றாக எடுத்த முடிவுகளையெல்லாம், 15-ஆம் லெவலில் தொடங்குபவர் ஒரே அமர்வில் எடுத்தாக வேண்டும். நேரம் செல்வது இங்கேதான்.

3.5 பதிப்பின் மனித மந்திரவாதி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய அறிவு மதிப்பு தொடக்கத்தில் 18 என்றால், முதல் லெவலில் 28 திறமைப் புள்ளிகள், 2 முதல் 7 வரை லெவலுக்கு 7 புள்ளிகள். 4-ஆம் லெவலிலும் 8-ஆம் லெவலிலும் அறிவை ஒவ்வொரு புள்ளி உயர்த்தியிருந்தால் அது 20 ஆகிவிடும். ஆகவே 8-ஆம் லெவலிலிருந்து 8 புள்ளிகள். மொத்தம் 134. பின்னால் உயர்ந்த அறிவு முந்தைய லெவல்களுக்குப் புள்ளி தராது என்பது அந்தப் பதிப்பின் விதி என்பதால், இறுதி மதிப்பை மட்டும் வைத்துப் பெருக்கிவிட முடியாது. ஒவ்வொரு லெவலாக நடந்துதான் வர வேண்டும். இதற்கு மேல் ஏழு ஃபீட்கள் (பாத்திரத்துக்காகத் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்கள்), வகுப்பு தரும் கூடுதல் ஃபீட்கள், முதல் லெவலுக்குப் பிறகு லெவலுக்கு இரண்டு வீதம் 28 மந்திரங்கள் என்று பட்டியல் நீள்கிறது.

கணக்கைவிடக் கடினமானது வரிசை. நான் முதன்முதலில் உயர் லெவல் மந்திரவாதி ஒருவரை உருவாக்கியபோது, 14-ஆம் லெவலில் அவர் ஆர்ச்மேஜ் என்ற பிரெஸ்டீஜ் கிளாஸில், அதாவது முன்தேவைகளை நிறைவு செய்தவர் மட்டுமே பிற்பாடு சேரக்கூடிய சிறப்பு வகுப்பில், சேர வேண்டும் என்று விரும்பினேன். அதற்கு இரண்டு மந்திரப் பிரிவுகளில் ஸ்பெல் ஃபோகஸ், மந்திரங்களை அறியும் ஸ்பெல்கிராஃப்ட் திறமையில் ஸ்கில் ஃபோகஸ் என்று மூன்று ஃபீட்கள் முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்தக் கடைசி ஃபீட்டை நான் கவனிக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு அதைக் கண்டுபிடித்தபோது ஃபீட்கள் எல்லாவற்றையும் செலவழித்திருந்தேன். ஒன்றை எடுத்தால் அதை முன்தேவையாகக் கொண்ட இன்னொன்றும் போயிற்று, அந்த இரண்டையும் நம்பித் தேர்ந்தெடுத்திருந்த மந்திரங்களும் பொருளிழந்தன. மறுநாள் காலை 3-ஆம் லெவலிலிருந்து மீண்டும் தொடங்கினேன். மொத்தம் ஏழு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு, சேர விரும்பும் வகுப்பின் முன்தேவைகளை முதலில் ஒரு தாளில் எழுதி வைக்காமல் நான் எந்தப் பாத்திரத்தையும் தொடங்கியதில்லை.

அடுத்தது கடைத்தெரு. 3.5 பதிப்பில் 15-ஆம் லெவல் பாத்திரத்துக்கு 2,00,000 பொற்காசு மதிப்புள்ள உடைமைகள் இருக்க வேண்டும் என்று விதிநூலே கூறுகிறது. மாயப் பொருள்களின் விலையோ சீராக ஏறுவதில்லை: அறிவை 2 புள்ளி உயர்த்தும் தலைப்பட்டை 4,000, 4 புள்ளிக்கு 16,000, 6 புள்ளிக்கு 36,000. ஒவ்வொரு பொருளிலும் ஒரு படி இறங்கினால் வேறெங்கோ இரண்டு படி ஏறலாம் என்பதால், ஆட்டக்காரர் இந்தப் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருப்பார். ஆறு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இதற்கே போவதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன்.

போர்வீரன் என்றால் விரைவில் முடியும் என்று பலர் எண்ணுகிறார்கள். மந்திரப் பட்டியல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 15-ஆம் லெவல் மனிதப் போர்வீரனுக்கு 15 ஃபீட்கள் உண்டு, அவற்றில் பல சங்கிலியாகப் பிணைந்தவை. சுற்றியுள்ள எதிரிகள் அனைவரையும் ஒரே முறையில் தாக்கும் வேர்ல்விண்ட் அட்டாக் வேண்டுமென்றால் அதற்குமுன் நான்கு ஃபீட்கள் வேண்டும். போர்வீரன் பொதுவாகக் கைவிடும் அறிவு மதிப்புகூட 13 ஆக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

5-ஆம் பதிப்பு இந்தச் சுமையைப் பெருமளவு இறக்கி வைத்தது. திறமைப் புள்ளிக் கணக்கே இல்லை. 15-ஆம் லெவல் மந்திரவாதிக்கு மதிப்பு உயர்வோ ஃபீட்டோ தேர்ந்தெடுக்கும் தருணங்கள் மூன்றே. பாத்திரம் தன்னோடு இணைத்துக்கொண்டால்தான் முழுப் பயன் தரும் வகையைச் சேர்ந்த மாயப் பொருள்கள் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. எஞ்சுவது மந்திரப் புத்தகத்தில் எழுத வேண்டிய 34 மந்திரங்கள்தாம். சாம்பியன் வகைப் போர்வீரனை அரை மணி நேரத்தில் முடித்தவர்களை எனக்குத் தெரியும். பாத்ஃபைண்டர் என்ற இதே வகையான வேறோர் ஆட்டத்தின், 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 15-ஆம் லெவலுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஃபீட்கள் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தனக்குரிய சிறு பட்டியலிலிருந்து வருவதால் குழப்பம் குறைவு. கணினிக் கருவிகள் கூட்டல் கழித்தலைப் பார்த்துக்கொள்ளும் என்றாலும், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை அவை உங்களிடமேதான் விட்டுவிடுகின்றன.

ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரின் நிலை இதைவிடக் கடினம், ஏனெனில் ஒரு மாலை முழுவதும் அமர்ந்து அவர் உருவாக்கும் வில்லன் மூன்று சுற்றுகளில் வீழ்ந்துவிடக்கூடும். 5-ஆம் பதிப்பின் எதிரிகள் தொகுப்பு நூலான மான்ஸ்டர் மேனுவலில் 18-ஆம் லெவல் மந்திரவாதியான ஆர்ச்மேஜ் போன்ற ஆயத்தப் பாத்திரங்கள் இருக்கின்றன. தயங்காமல் அவற்றை எடுத்து, பெயரையும் இரண்டு மூன்று மந்திரங்களையும் மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பாத்திரத் தாளை நிரப்பி முடித்ததும் வேலை முடிவதில்லை. முதல் லெவலிலிருந்து வந்தவருக்குத் தம் மந்திரங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சண்டையின் நினைவோடு சேர்ந்து பழகியவை. நேற்று அவற்றை எழுதிக்கொண்டவருக்கு அவை வெறும் பெயர்கள். ஆகையால் முதல் சண்டையில் ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது தாளைப் புரட்டுவார்கள். எங்கள் குழுவில் அத்தகைய முதல் சண்டை ஒன்று மூன்று மணி நேரம் நீடித்தது. இதைக் குறைக்க நாங்கள் கண்ட வழி, எல்லோரும் 5-ஆம் லெவலில் பாத்திரத்தை உருவாக்கி ஒரு சிறு சண்டை ஆடுவது, பிறகு 10-க்கு உயர்த்தி இன்னொன்று, அதன்பின் 15. மூன்று வாரங்கள் கூடுதலாகச் செல்லும், ஆனால் ஆட்டக்காரர் தம் பாத்திரத்தை அறிந்துகொண்டு வந்து சேர்வார்.

அதற்கு நேரமில்லையென்றால், எந்தெந்த நூல்களுக்கு அனுமதி உண்டு என்பதை டஞ்சன் மாஸ்டரிடம் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மந்திரவாதியாக ஆடுபவர் முதல் நாளில் பயன்படுத்தப்போகும் மந்திரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, புத்தகத்தின் மீதியை இரண்டாம் அமர்வுக்குள் நிரப்பட்டும். பணத்தில் ஒரு பங்கைச் செலவழிக்காமல் "பின்னர் முடிவு செய்யப்படும்" என்று எழுதி வைக்க அனுமதி கேளுங்கள். நீங்கள் ஆடுவது 5-ஆம் பதிப்பு என்றால் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு ஆட அமரலாம். 3.5 என்றால் இந்தச் சனிக்கிழமையைப் பாத்திரங்களுக்கே கொடுத்துவிட்டு, ஆட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.