தொண்டி படகுப் போட்டி: கேமராவை அல்ல, லென்ஸை மாத்துங்க

தம்பி, கேனான் 1500டி-யும் கூட வந்த 18-55 லென்ஸும் வச்சு தொண்டியில பாய்மரப் படகுப் போட்டி எடுத்தா படகு எறும்பு மாதிரி தெரியுது, ராத்திரி கபடி மங்கலா வருது, புதுக் கேமரா வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். முதல்ல லென்ஸ்.

படகுக்கு, தூரத்துல இருக்கிறதை நெருக்கிக் காட்டுற கேனான் 55-250 எஸ்டிஎம் லென்ஸ் பாருங்க. பழசு வாங்கினாலும் சரிதான், ஆனா டார்ச் அடிச்சு உள்ளே பூஞ்சை இருக்கான்னு பார்த்துடுங்க. நம்ம கடற்கரை ஈரத்துக்குச் சீக்கிரம் பிடிக்கும். உங்க கேமராவோட சின்ன சென்சார்ல (படம் பதிவாகிற சில்லு) 250 மி.மீ. லென்ஸ், பெரிய சென்சார் கேமராவுல 400 மி.மீ. மாதிரி நெருக்கம் தரும். ஷட்டர் வேகம் 1/1000 நொடியை விட மெதுவா போகக்கூடாது. ஃபோகஸுக்கு ஏஐ சர்வோ (ஓடுறதைத் தொடர்ந்து பிடிக்கிற முறை), நடுப்புள்ளி மட்டும்; ஒன்பது ஃபோகஸ் புள்ளியில அதுதான் நம்பகமானது. லென்ஸ்ல இருக்கிற ஐஎஸ் (ஆட்டம் குறைக்கிற வசதி) கைநடுக்கத்துக்குத்தான், ஓடுற படகை நிறுத்தாது.

நொடிக்கு 3 படம்தான் கிடைக்கும். அதனால படகு திரும்புற இடத்தைக் குறிவச்சுக் காத்திருங்க. பாய் சாய்ஞ்சு, ஆளுங்க எதிர்ப்பக்கம் எடை கொடுக்கிற அந்தக் கணத்துக்காகவே வெயில்ல நிக்கலாம். காலையில சூரியன் கடல் பக்கம், முகம் கறுத்துடும். மதியத்துக்கு மேல தெளிவா வரும்.

கபடிக்கு 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். எஃப் எண் குறைஞ்சா லென்ஸோட துளை பெரிசு; 55-250-ஐ முழுசா ஜூம் பண்ணும்போது கிடைக்கிற எஃப் 5.6-ஐ விட ஒன்பது மடங்குக்கு மேல வெளிச்சம் விடும். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200 வைக்கப் பயப்படாதீங்க.

மணல்ல நின்னு லென்ஸ் கழட்டாதீங்க. தனுஷ்கோடியில அப்படிச் செஞ்சுதான் என் சென்சார்ல மணல் ஏறுச்சு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால உப்பைத் துடைச்சிடுங்க.