கண்ணாடியில் பூ வேலை: வாசகர் கேள்வி – பதில்

சாண்ட் பிளாஸ்டிங் முறையில், அதாவது மணல் போன்ற துகளைக் காற்றழுத்தத்தில் அடித்து, கண்ணாடியில் கோலமும் சாமி உருவமும் எடுப்பது பற்றி மதுரைப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். முதல் கேள்வி தொழில் கேள்வி அல்ல. ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட அவசரமானது என்பதால் அதை முன்னால் வைத்திருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் ஆற்று மணலைச் சலித்து அடிக்கிறார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வார். ஆறு மாதமாக வறட்டு இருமல். ‘கண்ணாடித் தூள்தான், போகப் போகச் சரியாகிவிடும்’ என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, திருமங்கலம்

நம்பாதீர்கள் அம்மா. இதில் பெரிய ஆபத்து கண்ணாடித் தூள் அல்ல, மணல்தான். ஆற்று மணலில் பெரும்பகுதி படிகச் சிலிக்கா. வேகமாகக் கண்ணாடியில் மோதும்போது ஒவ்வொரு மணலும் பொடிந்து, கண்ணுக்கே தெரியாத தூசாகிறது. கைக்குட்டை அதைத் தடுக்காது. அந்தத் தூசி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கி, தழும்பை உண்டாக்கும். இதுதான் சிலிக்கோசிஸ். விழுந்த தழும்பை எந்த மருந்தாலும் மாற்ற முடியாது. காசநோய் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம்.

மணல் அடிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டாக்டரிடம் ‘இருமல்’ என்று மட்டும் சொல்லாமல், ‘மணல் அடிக்கிற வேலை, இத்தனை வருடமாக’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். எக்ஸ்-ரேயில் சிலிக்கோசிஸும் காசநோயும் ஒன்று போலத் தெரியக்கூடும். வேலை என்ன என்று தெரிந்தால்தான் டாக்டர் இரண்டையும் தேடுவார். சிலிக்கோசிஸ் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் அடிப்பதை பிரிட்டன் 1949-லேயே விதி போட்டு நிறுத்தியது. மணலுக்குப் பதிலாக பிரவுன் அலுமினியம் ஆக்சைடு வாங்குங்கள். மணல் ஒரே அடியில் பொடியாகிவிடும். இதையோ சலித்துச் சலித்துப் பல தடவை அடிக்கலாம். மூட்டை விலையைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும், சதுர அடிக் கணக்குப் போட்டால் மலைப்பு குறையும். கார்னெட் என்ற கனிமத் துகளும் பரவாயில்லை, ஆனால் அதில் கலந்திருக்கும் சிலிக்கா எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

எதை அடித்தாலும் மூடிய கேபினுக்குள் அடிக்க வேண்டும். தூசியை உறிஞ்சிப் பைக்குள் சேர்க்கும் விசிறி ஓட வேண்டும். அடித்து முடித்ததும் கதவைத் திறக்காமல் இரண்டு மூன்று நிமிடம் விசிறியை ஓடவிட வேண்டும். முகத்தில் இறுகப் பொருந்தும் ரப்பர் மாஸ்க்கும், அதில் நுண்தூசியைத் தடுக்கும் பி100 ஃபில்டரும் கட்டாயம். தாடி இருந்தால் அந்த மாஸ்க் சரியாக ஒட்டாது. சட்டையில் படிந்த தூசியைக் காற்றடித்துத் தட்டக் கூடாது. அந்தச் சட்டையோடு வீட்டுக்கும் வரக் கூடாது, பிள்ளைகள் மூச்சிலும் அது ஏறும்.

அலுமினியம் கதவு வேலை செய்கிறேன். பெயின்ட் அடிக்கும் 2 ஹெச்.பி. கம்ப்ரசர் இருக்கிறது. அதை வைத்தே இந்தத் தொழிலை ஆரம்பிக்கலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

சின்ன வேலைக்கு முடியும், கதவுக்கு முடியாது. பலர் எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரும் என்றுதான் பார்க்கிறார்கள். அழுத்தம் எல்லாக் கம்ப்ரசரிலும் வரும். பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தருகிறது என்பது. சாதாரண பிஸ்டன் கம்ப்ரசரில் 1 ஹெச்.பி.க்கு 3 முதல் 4 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசரின் தகட்டில் போட்டிருப்பது பிஸ்டன் இழுக்கும் காற்றின் கணக்கு, கைக்கு வரும் காற்று அதை விடக் குறைவு.

நாசில் என்பது துப்பாக்கியின் முனை. ஒரு நூல் (எட்டில் ஒரு அங்குலம்) துளையுள்ள நாசில் 50 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11 கன அடி குடிக்கும். இரண்டு நூல் நாசில் என்றால் 47. துளை இரட்டித்தால் காற்று நான்கு மடங்கு. உங்கள் 2 ஹெச்.பி. ஒரு நூல் நாசிலுக்கே ஈடு கொடுக்காது. அரை நிமிடத்தில் அழுத்தம் இறங்கும், டேங்க் நிரம்பக் காத்திருக்க வேண்டும். அப்படி விட்டு விட்டு அடித்த இடமெல்லாம் கண்ணாடியில் திட்டுத் திட்டாகத் தெரியும். 2 மி.மீ. நாசில், 120 அல்லது 150 கிரிட் (கிரிட் என்பது அடிக்கும் துகள், எண் கூடினால் துகள் நைசு) போட்டு, பரிசுக் கேடயம், டம்ளர், பெயர்ப் பலகை செய்யுங்கள். கதவு செய்ய 5 ஹெச்.பி., ஒரு நூல் நாசில், பிரஷர் பாட் (கிரிட்டைக் காற்றழுத்தத்தில் வைத்துத் தள்ளும் மூடிய கலன்) வேண்டும். உறிஞ்சி அடிக்கும் துப்பாக்கியை விட பிரஷர் பாட் அதே காற்றில் மூன்று மடங்குக்குக் குறையாமல் வேலை தரும். பாட் வாங்கும்போது சேஃப்டி வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டிய பாட்டைத் தொடவே வேண்டாம்.

நாசில் தேய்வதையும் கவனியுங்கள். செராமிக் நாசில் சில மணி நேரத்திலேயே அகலும். 3 மி.மீ. துளை 4.5 ஆகிவிட்டால் காற்றுச் செலவு இரண்டே கால் மடங்கு. ‘கம்ப்ரசர் வீக்காகிவிட்டது’ என்று வரும் புகாரில் பாதி, தேய்ந்த நாசில்தான். ஒரு நூல் டிரில் பிட்டைத் துளையில் விட்டுப் பாருங்கள். தாராளமாக ஆடினால் மாற்றுங்கள். டங்ஸ்டன் கார்பைடு நாசில் விலை கூட, ஆனால் செராமிக்கை விடப் பல மடங்கு நேரம் வரும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் துப்பாக்கி விக்கி விக்கி அடிக்கிறது. வெயில் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.
– வாசகர், அனுப்பானடி

ஈரம். மழைக் காலக் காற்றில் இருக்கும் நீராவி, கம்ப்ரசரில் நசுங்கிச் சூடாகி, குழாயில் ஆறும்போது தண்ணீராகிறது. தண்ணீர் பட்ட கிரிட் கட்டியாகி வால்வை அடைக்கும். டேங்க்கின் அடி வால்வைக் காலையும் மாலையும் திறந்து விடுங்கள். ஈரம் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டுவது வீண், அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும். இருபது இருபத்தைந்து அடி இரும்புக் குழாயைச் சுவரோரம் ஓட்டி, காற்று ஆறிய பிறகு பிரஷர் பாட்டுக்கு அருகில் மாட்டுங்கள். இரவில் பிரஷர் பாட்டுக்குள் கிரிட்டை விட்டுவைக்க வேண்டாம்.

ஸ்டிக்கர் ஒட்டி அடித்தால் கோலத்தின் மெல்லிய கோடுகள் பறந்துவிடுகின்றன. ஓரமும் மங்கலாக வருகிறது. வேறு ஸ்டிக்கர் இருக்கிறதா?
– வாசகர், உசிலம்பட்டி

ஸ்டிக்கரை மாற்றுவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்த விதத்தைப் பாருங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பஞ்சு ஒட்டாத துணியால் முடியுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் வேண்டாம், எண்ணெய்ப் படலம் விடும். போர்டு எழுதும்போது செய்கிற மாதிரி தண்ணீர் தெளித்து ஒட்டுவதும் இதற்கு ஆகாது. அடியில் தங்கிய ஈரத்தில் பசை பிடிக்காமல், காற்று உள்ளே நுழைந்து கோட்டைக் கிளப்பிவிடும்.

அடுத்தது கை. துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தால் கிரிட் ஸ்டிக்கரின் ஓரத்துக்கு அடியில் புகும். நேர் செங்குத்தாக, 15 முதல் 20 செ.மீ. தள்ளி, 30 முதல் 40 பி.எஸ்.ஐ.யில் அடியுங்கள். சாதாரண வினைல் ஸ்டிக்கர் போதும். வினைல் மெத்தென்று இருப்பதால் கிரிட் அதில் பட்டுத் தெறிக்கும், விறைப்பான கண்ணாடிதான் உடைந்து சொரசொரப்பாகும். இதனால்தான் விறைப்பான பிளாஸ்டிக் ஷீட், காகித ஸ்டிக்கர் இரண்டும் நிற்பதில்லை. ஆழமாக வெட்டுவதற்கு மட்டும் தடித்த ரப்பர் ஷீட் வேண்டும்.

கோடு 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. இழைக் கோலத்தை அப்படியே சின்னதாக்கி, ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் மெஷினில் கொடுப்பதுதான் நிறையப் பேர் செய்வது. இழையைக் குறைத்துக் கோட்டைத் தடிமனாக்கி வரைந்து கொடுங்கள். ‘ண’, ‘ஞ’, ‘ஒ’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியாக நிற்பது. டிரான்ஸ்ஃபர் பேப்பர் (வெட்டிய துண்டுகளை மேலிருந்து பிடித்துக்கொள்ளும் பசைத் தாள்) இல்லாமல் ஒட்டினால் அது இடம் மாறும்.

மங்கலான ஓரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தெறித்த கிரிட் பின்பக்கமும் விளிம்பிலும் பட்டு வெள்ளைப் புகை மாதிரி படியும். பின்பக்கம் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி, விளிம்பை டேப்பால் சுற்றிவிட்டு அடியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடியை வெளியே சாய்த்து வைக்காதீர்கள். வினைல் சுருங்கும், பசை கண்ணாடியிலேயே தங்கும்.

கடை வாசலுக்கு டஃபன்ட் கண்ணாடிக் கதவு போட்டாயிற்று. இப்போது அதில் பெயரை வெட்டித் தர முடியுமா?
– வாசகர், செல்லூர்

மேலாக வெள்ளையாக்கலாம், வெட்டக் கூடாது. டஃபன்ட் என்பது சூடாக்கிச் சட்டென்று ஆறவைத்துப் பலப்படுத்திய கண்ணாடி. அதன் இரண்டு மேற்பரப்பும் அழுத்தத்தில் இருக்கும், நடுப்பகுதி இழுவிசையில். அந்த அழுத்தப் படலம் ஒரு பக்கத்துக்குக் கனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். 12 மி.மீ. கண்ணாடியில் இரண்டரை மி.மீ. அளவு. அதைத் துளைத்துவிட்டால் கதவு முழுக்க நொறுங்கும். ஓரளவு வெட்டினாலும் பலம் குறைந்து, பின்னால் ஒரு நாள் கதவைச் சாத்தும்போது உதிரலாம். ஆழமான பெயர் வேண்டுமென்றால் சாதாரண கண்ணாடியில் வெட்டி முடித்துப் பிறகு டஃபன் செய்யக் கொடுக்க வேண்டும். எவ்வளவு ஆழம் வரை ஏற்பார்கள் என்று அந்தத் தொழிற்சாலையில் முன்கூட்டியே கேளுங்கள். மாட்டிய கதவுக்கு 180 கிரிட், 30 பி.எஸ்.ஐ., ஒரே சீரான ஓட்டம். அதற்கு மேல் வேண்டாம்.

அழகர் குதிரை வாகனத்தை 12 மி.மீ. கண்ணாடியில் வெட்டினேன். ஆழமாகத்தான் வெட்டினேன், ஆனாலும் தட்டையாகத் தெரிகிறது.
– வாசகர், அழகர்கோவில் சாலை, மதுரை

எல்லா இடத்தையும் ஒரே ஆழத்துக்கு வெட்டியிருப்பீர்கள். உருவம் புடைத்துத் தெரிவது ஆழத்தால் அல்ல, ஆழத்தின் வித்தியாசத்தால்.

கண்ணாடியின் பின்பக்கத்தில், இடம் வலம் மாற்றி வரைந்து வெட்ட வேண்டும். முன்னால் நின்று பார்க்கும்போது பள்ளமெல்லாம் மேடாகத் தெரியும். அதிகப் பள்ளம், அதிக மேடு. அதனால் பார்ப்பவருக்கு மிக அருகில் இருக்கும் உறுப்பை முதலில் திறந்து ஆழமாக வெட்ட வேண்டும். குதிரையின் தூக்கிய முன்கால் முதலில். பிறகு கழுத்தும் பிடரியும். அப்புறம் குதிரையின் உடல், மேலே அழகர், பின்னால் குடை, கடைசியாக ஆற்றுத் தண்ணீர். வெட்டத் தொடங்கும் முன்பே எல்லாக் கோடுகளையும் ரப்பர் ஷீட்டில் கத்தியால் கீறி, ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண் எழுதிவிடுங்கள். இந்த வரிசை மாறினால் முன்காலின் ஓரம் பின்னால் அடிக்கும் கிரிட்டில் மழுங்கி, கால் உடலுக்குள் கரைந்துவிடும்.

ஒரு துண்டைத் திறந்ததும் முழுவதையும் சமமாகத் தோண்டாதீர்கள். முந்தின உறுப்பின் ஓரத்தை ஒட்டி ஆழமாக ஆரம்பித்து, விலக விலக ஒன்றுமில்லாமல் முடியுங்கள். குதிரையின் வயிற்று வளைவு இப்படித்தான் பிறக்கிறது. 80 அல்லது 100 கிரிட், 50 முதல் 60 பி.எஸ்.ஐ., 7 முதல் 10 செ.மீ. தூரம். ஒரே இடத்தில் நிற்காமல் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மிக ஆழமான இடம் 4 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். பிடரி மயிர், ஆடை மடிப்பு எல்லாம் கடைசியில் 220 கிரிட், 20 பி.எஸ்.ஐ.யில் மெல்ல. பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் விளக்கு வைத்து அடிக்கடி பாருங்கள். நேர் வெளிச்சத்தில் குறை தெரியாது.

பூஜை அறைக் கதவில் சொரசொரப்புப் பக்கம் உள்ளே இருக்க வேண்டுமா, வெளியேயா?
– வாசகி, மேலூர்

ஹாலில் கை படும் என்று வழக்கமாக உள்ளே வைக்கிறார்கள். எங்கள் யோசனை வேறு. தினமும் சூடமும் நெய் விளக்கும் ஏற்றும் சின்ன அறையில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தக் குழிகளில் ஏறி, ஒரு வருடத்தில் பழுப்பாகும். வெறும் வெள்ளைக் கோல வேலை என்றால் சொரசொரப்பு ஹால் பக்கம் இருக்கட்டும், கதவுக்கு நல்ல கைப்பிடி போட்டுவிடுங்கள். ஆழமாக வெட்டிய சாமி உருவம் என்றால் வேறு வழியில்லை, அது உள்பக்கம்தான் வர வேண்டும். அதற்கு மாட்டும் முன்பே கண்ணாடிக்கான எண்ணெய் ஒட்டாத கோட்டிங் அடித்து வாங்குங்கள். எந்தப் பக்கம் என்பதைக் கடைக்காரரிடம் வெட்டுவதற்கு முன் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ‘ஓம்’ திரும்பி நிற்கும்.

குளியலறைக் கண்ணாடி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிகிறது. காய்ந்தால் வெள்ளைத் திட்டு.
– வாசகர், ஒத்தக்கடை

குழிகளில் தண்ணீர் நிரம்பினால் ஒளி சிதறுவது குறையும், கண்ணாடி தெளிந்துவிடும். சொரசொரப்புப் பக்கம் ஷவருக்கு வெளியே இருக்கும்படி கண்ணாடியைத் திருப்பி மாட்டுவதுதான் சரியான தீர்வு. திட்டு, போர் தண்ணீரின் சுண்ணாம்பு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நைலான் பிரஷால் வட்டமாகத் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மார்பிள் தரையில் வினிகர் சிந்தக் கூடாது, அரிக்கும். ஸ்டீல் நார் போட்டால் அதன் இரும்புத் துகள் குழிகளில் சிக்கி, பிறகு துருக்கறையாக வரும். கடையில் ‘கண்ணாடி ஆசிட்’ என்று ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் கொடுத்தால் வாங்காதீர்கள். அது தோலில் பட்டால் உடனே எரியாமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே இறங்கி எலும்பு வரை தாக்கும்.